முற்றத்து மரமும் தெருவின் பங்கும்

 

 

இன்றைய ஜும்ஆவில் நம் வீட்டு வாசலைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். தொழுகை, நோன்பு, ஜகாத் என்று கேட்டுப் பழகிய உங்களுக்கு, 'ஹஜ்ரத் இன்று கீரையும் காயும் பேச வந்துவிட்டாரே' என்று தோன்றக்கூடும். சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள். மதரஸாவில் படித்துவிட்டு நான் மறந்திருந்த ஒரு பாடம் வாசலில்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

நாம் வசிப்பது சென்னையின் புறநகர். அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு மனைகள். நம்மில் பலர் மண்ணடியிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் இங்கே வந்தவர்கள். வேறு பலர் தஞ்சை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து, வெளிநாட்டில் உழைத்த பணத்தில் வீடு கட்டியவர்கள். ஊரில் நம் உம்மாமார்களுக்குக் கொல்லைப்புறம் என்று ஒன்று இருந்தது. முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் அங்கே. இங்கே கொல்லை இல்லை. வீட்டின் மூன்று புறமும் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. மிஞ்சும் மண் முழுவதும் வாசலில். அந்த மண்ணை நாம் என்ன செய்திருக்கின்றோம்?

ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு எங்கள் தெருவை எண்ணிக்கொண்டே நடந்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். வாசலில் உண்ணத்தக்க ஒரு செடியாவது இருந்தவை ஆறு. மற்ற வீடுகளில் சிமெண்டு, வழுக்கும் டைல்ஸ், அல்லது தொட்டியில் குரோட்டன்ஸ். அழகுக்குச் செடி வைப்பது ஹராம் என்று நான் சொல்லவில்லை; அழகு அல்லாஹ் விரும்புவது. ஆனால் மண்ணை முழுவதும் மூடிவிட்டுச் சந்தையில் வாடிய கீரைக்கட்டுக்கு விலை பேசுவதை என்னவென்று சொல்வது?

முஸ்லிம் ஒருவர் ஒரு மரத்தை நட்டு, அல்லது ஒரு பயிரை விதைத்து, அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படுகிறது என்ற நபிமொழியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது இடம்பெற்றிருக்கின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வரும் அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அந்த மரத்திலிருந்து களவு போனதும் நட்டவருக்கு ஸதகாவே என்கின்றது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். களவு போனதும்!

இனி என் தவறைச் சொல்கின்றேன்.

நான் குடியிருக்கும் வீடு பள்ளிவாசலுக்குச் சொந்தமானது. அதன் வாசலில் ஒரு கொய்யா மரம் நிற்கின்றது. அதை நட்டவர் எனக்கு முன் இங்கே இமாமாக இருந்த ஹஜ்ரத். நான் வந்தபோதே அது காய்த்துக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நண்பகல், மரத்தில் கல் விழும் ஓசை கேட்டு வெளியே வந்தேன். ஏழெட்டு வயதுச் சிறுவன். அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த வெளியூர்த் தொழிலாளி ஒருவரின் மகன். ஜன்னல் கண்ணாடி உடைந்துவிடுமே என்ற கோபத்தில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு உரக்க அதட்டினேன். அவன் ஓடினான். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்துவிட்டது.

உள்ளே வந்தேன். என் வீட்டார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பழைய ஹஜ்ரத் வெச்ச மரத்துக்கு நீங்க ஏன் கம்பு எடுத்தீங்க?"

அன்று மாலை மதரஸாக் காலத்தில் ஓதிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ராஃபிஉ பின் அம்ர் அல்கிஃபாரி (ரலி) அவர்கள் தம் சிறு வயதில் நடந்ததைத் தாமே அறிவிக்கின்றார்கள். அன்சாரிகளின் பேரீச்ச மரங்களின் மீது அவர்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நபியவர்கள் முதலில் செய்தது காரணம் கேட்டது. ஏன் எறிகின்றாய் என்றார்கள். உண்பதற்காக என்றார் சிறுவர். கல்லெறிய வேண்டாம், அடியில் விழுந்து கிடப்பதை எடுத்து உண்டுகொள் என்று சொல்லி, தலையைத் தடவிக் கொடுத்து, அந்த வயிறு நிறைய வேண்டும் என்று துஆவும் செய்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இதைக் காணலாம்.

எவ்வளவு தெளிவான தீர்ப்பு! மரத்துக்கு உரியவரின் உரிமையும் காக்கப்பட்டது, கல்லெறி நின்றது, பசியும் கேட்கப்பட்டது. இதை ஓதிக் கொடுக்கும் நான் கம்பை எடுத்தேன். அதுவும் நான் நடாத மரத்துக்கு! அந்தச் சிறுவன் ஒரு கொய்யாவைத் தின்றிருந்தால், இப்போது வேறு ஊரில் இருக்கும் அந்த ஹஜ்ரத்தின் ஏட்டில் ஒரு ஸதகா ஏறியிருக்கும். அதைத் தடுத்து நின்றவன் நான். மறுநாள் செருப்பை எடுத்துக்கொண்டு அந்த மனைக்குப் போனேன். தளம் போடும் வேலை முடிந்து அந்தக் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றார் காவலாளி.

பெரியோர்களே! ஃபிக்ஹு தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும். வீட்டு வாசலில் விளைவதற்கு ஜகாத் உண்டா? ஷாஃபிஈ மத்ஹபில் கீரைக்கும் காய்கறிக்கும் ஜகாத் இல்லை. சேமித்து வைத்து உண்ணும் தானியமும் பேரீச்சை, திராட்சையும் ஐந்து வஸக் அளவை எட்டினால்தான் கடமை. ஹனஃபீ மத்ஹபிலோ வீட்டு வளாகத்துக்குள் நிற்கும் மரத்தின் கனிக்கு உஷ்ர் இல்லை. ஆக, சட்டப்படி நம் கொய்யாவிலும் முருங்கையிலும் யாருக்கும் கடமையான பங்கு கிடையாது.

அப்படியிருந்தும் அல்கலம் அத்தியாயத்தில் அல்லாஹ் ஒரு தோட்டத்துக்காரர்களின் வரலாற்றைச் சொல்லிக் காட்டுகின்றான். தந்தை இருந்த காலத்தில் ஏழைகளுக்கு அதில் பங்கு இருந்தது என்றும், யமன் நாட்டில் ஸன்ஆவுக்கு அருகே இருந்த தோட்டம் அது என்றும் விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றார்கள். பிள்ளைகள் காலத்தில் கணக்கு மாறியது. விடியற்காலையிலேயே பறித்துவிட வேண்டும், இன்று ஓர் ஏழையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று தமக்குள் மெல்லப் பேசிக்கொண்டு போனார்கள். இரவே தோட்டம் அழிந்துபோயிருந்தது. வழி தவறி வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று முதலில் திகைத்தார்கள். அந்த வசனங்களை ஓதும்போதெல்லாம் அவர்களுடைய கிசுகிசுப்பு என் காதில் விழுகின்றது. பறித்ததற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. பிறர் பார்க்கும் முன்பே பறித்துவிடத் திட்டமிட்டதே அவர்களுடைய குற்றம்.

வாசல் தோட்டத்தில் மறைத்துப் பறிக்கவே வழி இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, குப்பை வண்டி தள்ளி வரும் பெண்மணி, எதிர்வீட்டு அம்மா எல்லார் கண்ணும் அதன் மீது படும். 'கண் படும்' என்று நம் பெண்கள் அஞ்சுகின்றார்கள். கண்ணேறு உண்மைதான், அதற்கு ஓதிக்கொள்ள துஆக்கள் இருக்கின்றன. ஆனால் பார்த்த கண்ணுக்கு ஒரு கைப்பிடி கீரை கொடுத்துவிட்டால், அந்தக் கண் அடுத்த நாள் நம் செடிக்குக் காவலாகிவிடுகின்றது. இதை நான் அனுபவத்தில் கண்டேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். பள்ளி வீட்டின் வாசலில் சிமெண்டுத் தளம் இருந்தது. வக்ஃபுச் சொத்தாயிற்றே, நான் நினைத்தபடி உடைக்க முடியாது. முத்தவல்லியிடம் கேட்டேன். மழைக்காலத்தில் சேறு பள்ளிக்குள் வரும் என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. கடைசியில் சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு மட்டும் உடைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. விளைவதில் கேட்பவருக்குப் பங்கு உண்டு என்பது ஜமாஅத் விதித்த நிபந்தனை. அந்த ஐந்தடியில் எவ்வளவு கொள்கின்றது தெரியுமா?

முருங்கை நம் ஊரில் போத்து வைத்து வளர்ப்பது. விதையில் வளர்ப்பதானால் 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை இருக்கின்றது; ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். முருங்கைக் கிளை காற்றுக்கு முறியும். ஆகவே மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் தழைத்துக் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்.

சமையலறைக் கழிவுநீர் விழும் இடத்தில் வாழை; அதன் காலடியில் சேம்பு. கேட்டை ஒட்டிக் கறிவேப்பிலை. கம்பி வேலியில் கொடிப்பசலை. போர்டிகோவின் மேல் சுரைக்கொடி. சுரைக்காய்க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தையற்காரர் ஒருவரின் விருந்தில் நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களிலிருந்து சுரைத் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைப் பார்த்தது முதல், தமக்கும் அது பிரியமானதாகிவிட்டது என்கின்றார்கள் அனஸ் (ரலி) அவர்கள். பிள்ளைகள் சுரைக்காய் வேண்டாம் என்று தட்டைத் தள்ளும்போது இந்த நிகழ்ச்சியைச் சொல்லிப் பாருங்கள்.

புதினாவை விதைக்கவும் வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு, தண்டை ஈர மண்ணில் ஊன்றிவிட்டால் வேர்விடும். ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னே வருவதால் இப்போது பனிக்காலத்தை நோக்கி நகர்கின்றது. புதினாவுக்கும் மல்லிக்கும் அதைவிட நல்ல பருவம் இல்லை. நம் பள்ளியின் நோன்புக் கஞ்சிக்குப் புதினா ஏன் நம் வாசல்களிலிருந்தே வரக்கூடாது?

அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:141) பந்தலில் படர்பவை, படராதவை, சுவையில் வேறுபட்ட விளைச்சல்கள் என்று அல்லாஹ் தன் படைப்பின் பல வகைகளை எடுத்துக் கூறுகின்றான். நாமோ சந்தையில் கிடைக்கும் பத்துக் காய்களுக்குள் அடங்கிவிட்டோம். லச்சக்கொட்டைக் கீரையை எத்தனை பேர் அறிவீர்கள்? வெளிறிய மஞ்சள் பச்சை இலைகளோடு பழைய வீட்டு வாசல்களில் அழகு மரமாக நிற்கும். கிளையை ஒடித்து நட்டாலே வளரும். அதன் இலையைப் பருப்போடு கூட்டாகச் சமைக்கலாம் என்பது அதை வளர்க்கும் பல வீட்டாருக்கே தெரியவில்லை.

சிறகவரை என்று ஒரு கொடி. காயின் நான்கு ஓரங்களிலும் சிறகு வைத்ததுபோல் இருக்கும். பிஞ்சுக் காய், இலை, பூ, விதை, வேரில் விளையும் கிழங்கு எல்லாமே உணவு. பகல் குறுகும் பருவத்தில்தான் பூக்கும். எனவே ஆடியில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். புரட்டாசியில் 'இது மலடு' என்று பிடுங்கிவிட்டு என்னிடம் வருந்தியவர் ஒருவர் உண்டு. மூக்குத்தி அவரையும் அப்படியொரு மறந்துபோன கொடி. பச்சை மூக்குத்திபோல் தடித்த காம்போடு பறித்துப் பொரியல் செய்வார்கள். ரம்பை இலையைத் தொட்டியில் வைத்தாலே போதும், நெய்ச்சோற்றுக்கு மணம் கொடுக்கும்.

மெக்சிகோவிலிருந்து வந்த சாயா என்னும் மரக்கீரையைப் பலர் இப்போது வளர்க்கின்றார்கள். தண்டை ஊன்றினால் எளிதில் தழைக்கும். ஆனால் அதைப் பச்சையாக உண்ணக் கூடாது. அதில் சயனைடு நச்சு இருக்கின்றது. இருபது நிமிடம் நன்றாக வேகவைத்த பின்பே உண்ண வேண்டும், அலுமினியப் பாத்திரமும் ஆகாது. கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அது அமானிதத்தில் குறை வைப்பதாகும்.

ஒரு தாய் கேட்டிருந்தார்: சாண உரம் போட்ட கீரை கூடுமா? கூடும். சாணத்தின் சுத்தம் பற்றிச் சட்ட வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உரமாகக் கொண்டு வளர்ந்த பயிரோ சுத்தமானதே. நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பரில் இந்தப் புறநகர் நீரில் மிதந்ததையும், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றதையும் நாம் மறக்கவில்லை. நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டும்! 200 சதுர அடி வாசலில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,850 லிட்டர். சிமெண்டு போட்டிருந்தால் அவ்வளவும் தெருவுக்கு ஓடும்; அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும். மண்ணாக இருந்தால் பெரும்பகுதி கீழே இறங்கும்.

அந்த நிலத்தடி நீரும் நம்முடையது மட்டும் அன்று. ஆழ்துளைக் கிணறு நம் சுவருக்குள் இருக்கலாம். அது இழுப்பது தெருவின் நீரை. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் வாய்க்கால் நீர் குறித்து வழக்கு வந்தபோது, முதலில் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டை நிலத்தாருக்கு நீரை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஸுபைரிடம் சொன்னார்கள். நம் வாசல் செடிகளுக்குக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவது இந்த ஒழுக்கத்தோடு பொருந்துமா? காய்கறி கழுவிய நீர், அரிசி களைந்த நீர், வுளூச் செய்த நீர் போதும். வுளூச் செய்த நீரைக் கொண்டு மறுபடி வுளூச் செய்யக் கூடாது. செடிக்கு ஊற்றத் தடை ஏதும் இல்லை. எங்கள் கொய்யாவுக்கு இரண்டு ஆண்டுகளாக வுளூ நீர்தான்.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றியும் ஒரு சொல். கிளை அடுத்தவர் எல்லைக்குள் சென்றால், அதை அகற்றச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. கனி மட்டும் மரத்துக்கு உரியவருடையது. இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். கனியைக் கொடுத்துவிட்டுக் கிளையை வெட்டுங்கள். செடி வளர்க்கிறேன் என்று காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே தெருவில் இரண்டடி பிடித்துக்கொள்வது வேண்டாம். பாதையில் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், இடையூறை நட்டு வளர்ப்பது என்ன?

மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி வரும். நம் மரத்தில் பிறந்து பக்கத்து வீட்டுத் தொட்டிலில் விழும். உடலில் பட்டால் தடித்து அரிக்கும். அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது தீப்பந்தம் காட்டி எரிப்பது நம் ஊர் வழக்கம். நெருப்பைக் கொண்டு வேதனை செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். ஓர் எறும்புப் புற்று எரிக்கப்பட்டிருந்ததைக் கண்டபோது சொன்னது அது. ஆகவே தீ வேண்டாம். மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளித்தால் போதும். தெளிக்கும் முன் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டார் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் இந்த உரிமை ஒன்றே. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று ஹதீஸில் வருகின்றது. நாம் பெருநாளுக்குப் பிரியாணி கொடுக்கின்றோம். சைவம் உண்ணும் எதிர்வீட்டு அம்மா அதை என்ன செய்வார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? முருங்கைக் கீரை கொடுத்தால் அன்றே அடுப்பில் ஏறும். எங்கள் எதிர்வீட்டிலிருந்து கீரைக் கிண்ணம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. சிறகவரை விதை எனக்கு வந்ததே அந்தக் கிண்ணத்தில்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், 'நாங்கள் போய்விடுவோமே, யாருக்காக நடுவது' என்கின்றார்கள். நானும் போய்விடுபவன்தான். இமாம்கள் ஒரே பள்ளியில் நிலைத்திருப்பது எத்தனை காலம்? சென்ற ஆவணியில் அந்த ஐந்தடியின் மூலையில் ஒரு மாதுளை வைத்தேன். அடுத்து வரும் ஹஜ்ரத்தின் பிள்ளைகள் அதைத் தின்பார்கள் என்று நினைக்கின்றேன். டமாஸ்கஸ் நகரில் அபுத்தர்தா (ரலி) அவர்கள் மரம் நட்டுக்கொண்டிருந்தபோது, நபித்தோழரான நீங்களா இதைச் செய்வது என்று அவ்வழியே போன ஒருவர் கேட்டார். பிறர் உண்பது ஸதகாவாகும் என்ற நபிமொழியையே அவர்கள் விடையாகச் சொன்னார்கள்.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் ஒரு கன்றும் இல்லை. தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று ஒவ்வொருவரும் இயன்றதைக் கொண்டுவந்தார்கள். குழிகளைத் தோண்டி முடித்ததும் நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள்.

இன்று தொழுகை முடிந்ததும் வுளூச் செய்யும் இடத்தை ஒட்டிய திண்ணையைப் பாருங்கள். முருங்கைப் போத்துகள், லச்சக்கொட்டைக் கீரைக் கிளைகள், தாளில் மடித்த சிறகவரை விதைகள் வைத்திருக்கின்றோம். மனை இல்லாதவர்கள் தொட்டிக்குப் புதினாத் தண்டு எடுத்துச் செல்லலாம். உங்கள் வீட்டில் மிகுதியாக உள்ள கன்றையும் விதையையும் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். வேறு ஊர்களில் இதைப் படிப்பவர்கள் தங்கள் பள்ளித் திண்ணையிலும் இடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் கொய்யாவின் அடியில் இப்போது ஒரு கூடை இருக்கின்றது. விழுவதும் பறிப்பதும் அதில் கிடக்கும், போகின்றவர் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மரத்தை நட்ட ஹஜ்ரத்துக்கும், அதைத் தேடி வந்து வெறுங்கையோடு ஓடிய அந்தப் பிள்ளைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.